ஓடினான் என்பதற்கு எத்தனை சொற்கள்: தருமபுரி ஞாயிறு ஆங்கில வகுப்பில் எட்டு வாரங்கள்

தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கென்று ஆங்கில வகுப்பு ஒன்று நடக்கிறது. எட்டு வாரங்களுக்குக் கட்டணம் 2,400 ரூபாய். சுருள் கம்பி போட்ட ஒரு பயிற்சிக் கையேடும் அதில் அடக்கம். ஒரு நாள்கூட விடாமல் அந்த எட்டு வாரங்களையும் முடித்தவன் என்ற முறையில், சேரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று வகுப்பை நடத்துகிற ஆசிரியை கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முழுப் பாடத்தையும் இங்கே விவரிக்கப்போவதில்லை. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது ஞாயிறுகளில் அவர் எடுத்துக்கொண்ட ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். விரைந்து செல்வதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்கள் என்பது அந்தப் பொருள். இதற்கா மூன்று வாரம், ஒன்பது மணி நேரம் என்று தொடக்கத்தில் எனக்கும் தோன்றியது. அந்த ஒன்பது மணி நேரத்துக்காக மட்டுமே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம் என்று இப்போது சொல்வேன்.

நான் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்த்து வருகிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் வண்டி ஒன்று தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பக்கச் சுவரில் மோதி நின்றது. கிளீனரின் கால் இடுக்கில் மாட்டிக்கொண்டது. தனியாக அவரை வெளியே எடுக்க முடியாது என்று கண்ட டிரைவர், மேட்டில் நின்றிருந்த நெடுஞ்சாலை ரோந்து வண்டியை நோக்கி ஓடிப் போய் ஆட்களை அழைத்து வந்தார். கிளீனர் பிழைத்துக்கொண்டார், காலும் தப்பியது. காப்பீட்டு நிறுவனத்துக்கு நடந்ததை ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. டிரைவர் ஓடினார் என்பதை எழுத எனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டு, "டிரைவர் ரேன் அவே ஃப்ரம் த ஸ்பாட்" என்று எழுதி அனுப்பினேன். உதவிக்காக ஓடினார் என்பதை அடுத்த வரியில் எழுதியிருந்தேன், ஆனாலும் முதல் வரி தன் வேலையைச் செய்துவிட்டது. விபத்து நடந்த இடத்தை விட்டு டிரைவர் ஏன் தப்பி ஓடினார், அப்போது அவர் மது அருந்தியிருந்தாரா என்று கேட்டு விளக்கக் கடிதம் வந்தது. ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்ற மேட்டில் மூச்சிரைக்க ஓடியவரை, நான் எழுதிய இரண்டே சொற்கள் குற்றவாளியாக நிறுத்திவிட்டன. அந்த வாரமே வகுப்பில் பெயரைக் கொடுத்தேன்.

வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகும் செவிலியர் இருவர், கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர், ஓசூரில் தொழிற்சாலைப் பணிக்குப் போய்வரும் தம்பிகள் மூன்று பேர், பென்னாகரத்திலிருந்து பேருந்து ஏறி வரும் ஓர் அக்கா எனப் பலவகைப்பட்டவர்கள். முதல் மூன்று வாரங்கள் வாக்கிய அமைப்பு, காலங்கள், கடித வடிவம் என்று வழக்கமான பாடம் நடந்தது. அது எந்தப் பயிற்சி நிலையத்திலும் கிடைக்கக்கூடியதுதான்.

நான்காவது ஞாயிறு அவர் கையேட்டைத் திறக்கவே சொல்லவில்லை. "ஒருத்தர் வேகமா ஓடினார்னு தமிழ்ல எப்படியெல்லாம் சொல்வீங்க? நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்று கரும்பலகை அருகே நின்றுகொண்டார். தலைதெறிக்க ஓடினான் என்று ஒருவர் தொடங்கினார். பின்னங்கால் பிடரியில் பட, விழுந்தடித்துக்கொண்டு, அரக்கப் பரக்க, குடுகுடுவென்று, விருட்டென்று, நாலுகால் பாய்ச்சலில், சிட்டாய், ஓட்டமும் நடையுமாக என்று சொற்கள் வந்துகொண்டே இருந்தன. பலகை நிரம்பியதும் அவர் ஒரு சிவப்புச் சுண்ணக்கட்டியை எடுத்து எல்லா வரிகளின் கடைசிச் சொல்லுக்கும் அடிக்கோடு இட்டார். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அது ஓடினான் என்ற ஒரே சொல்தான். வேகத்தின் தன்மையைத் தமிழ் வினைக்கு முன்னால் நிற்கும் சொல்லில் வைக்கிறது, ஆங்கிலம் அதே தன்மையை வினைக்குள்ளேயே அடைத்துவிடுகிறது, ஆகையால் நாம் அடைமொழியை மாற்றுகிற இடத்தில் ஆங்கிலேயர் வினையையே மாற்றுகிறார் என்று அவர் விளக்கினார். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிற நாம் ஏன் எப்போதும் ரன் என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறோம் என்பதும், அதன் பின்னால் ஃபாஸ்ட்லி என்று ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சொல்லை ஏன் ஒட்டுகிறோம் என்பதும் எனக்கு அந்த நிமிடத்தில் தெளிவாயின.

இயக்கத்தை மொழிகள் வெவ்வேறு விதமாகப் பிரித்துச் சொல்வதை லியோனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் 1985இல் எழுதிய ஆய்வில் வகைப்படுத்தியிருக்கிறார் என்றும், ஆங்கிலம் செல்லும் விதத்தை வினையில் வைத்துச் செல்லும் திசையை இன், அவுட், அப், டவுன் போன்ற சிறு சொற்களிடம் விட்டுவிடும் மொழி என்றும் ஆசிரியை சொன்னார். ஓடி உள்ளே நுழைந்தான் என்று நாம் சொல்லும்போது முற்றுவினை நுழைதலைச் சொல்கிறது, ஓடுதல் எச்சமாக முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது தலைகீழாக, ரேன் இன் என்று ஆகிறது. என் கடிதத்தில் இருந்த அவே என்ற சிறு சொல் எவ்வளவு பெரிய வேலையைச் செய்தது என்பது இதைக் கேட்டபோதுதான் புரிந்தது. திசை முழுவதும் அதற்குள்தான் இருந்தது, அந்தத் திசை தப்பித்தலின் திசையாக இருந்தது.

தமிழுக்கும் வேகத்துக்குத் தனிச் சொற்கள் இல்லாமல் இல்லை என்பதை அவர் விட்டுவிடவில்லை. தொல்காப்பியத்தின் உரியியல் கதழ்வு, துனைவு என்ற இரண்டு சொற்களுக்கும் விரைவு என்று பொருள் சொல்கிறது. கடி என்ற சொல்லின் பல பொருள்களுக்குள்ளும் விரைவைச் சேர்க்கிறது. கதழ்வும் துனைவும் பேச்சிலிருந்து போய்விட்டன. கடிது என்பது மட்டும் எழுத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கில வகுப்பில் தொல்காப்பியத்தைக் கேட்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதனாலேயே ஆங்கிலப் பாடம் இன்னும் ஆழமாக மனத்தில் இறங்கியது.

பிறகு அவர் ஒவ்வொரு ஆங்கில வினையையும் நான்கு கேள்விகளால் சோதித்தார். ஓடுவது யார், எதற்காக ஓடுகிறார், எதை நோக்கி அல்லது எதை விட்டு ஓடுகிறார், ஓட்டம் அவர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? கையடக்க அகராதிகள் பலவற்றில் இந்த வினைகள் அத்தனைக்கும் விரைந்து ஓடு என்ற ஒரே பொருள்தான் போட்டிருக்கும், ஏனென்றால் அகராதிக்கு இடம் போதாது. அந்த நான்கு கேள்விகளும்தான் இந்த வகுப்பின் உண்மையான சரக்கு.

அதற்கு அவர் எடுத்துக்கொண்ட முதல் காட்சி எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பொங்கலை ஒட்டிக் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் நடக்கும் எருது விடும் விழாவை எண்ணிப் பாருங்கள் என்றார். அவிழ்த்துவிட்ட எருது மேளச் சத்தத்தில் மிரண்டு திடீரென்று எடுக்கிற ஓட்டம் போல்ட். குறுக்குவில்லிலிருந்து பாயும் கனத்த அம்புக்குப் பழைய ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இருந்தது, வினை அதிலிருந்து வந்தது. அச்சமும் திடீர்த்தன்மையும் அதற்குள் இருக்கின்றன. ஆகவே வெருண்டோடு என்பதே அதற்கு நெருங்கிய தமிழ். அதே எருது கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஒருவரை நோக்கி வந்தால் அது சார்ஜ். தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கம் யானை திரும்பி நின்று காதை விரித்து மனிதரை நோக்கி வருவதற்கும் அதே சொல்தான். சீறிப் பாய்ந்து வருவது என்று நாம் சொல்வது அதைத்தான். கூட்டமாக எல்லாம் ஒரே நேரத்தில் மிரண்டு ஓடினால் ஸ்டாம்பீட் ஆகும். கால்நடைக் கூட்டத்தின் ஓட்டத்தைக் குறித்த ஸ்பானியச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது அது. இன்று கூட்ட நெரிசலில் மனிதர் மிதிபடும் செய்திகளிலும் அதைப் பார்க்கிறோம். ஓர் எருதை வைத்து மூன்று வினைகளைச் சொல்லி முடித்தபோது, அவற்றை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக எழுதவே முடியாது என்பது எல்லோருக்கும் விளங்கியிருந்தது. நூறு மீட்டரை 9.58 விநாடியில் 2009இல் பெர்லினில் கடந்து உலக சாதனை படைத்த உசைன் போல்டின் பெயர் இந்தச் சொல்லோடு ஒத்துப்போவதைத் தம்பி ஒருவர் எழுப்பினார். ஆனால் அவர் செய்தது ஸ்பிரின்ட் என்று ஆசிரியை திருத்தினார். குறுகிய தூரத்தை முழு வலிமையோடும் திட்டமிட்டும் கால்களால் ஓடுவது அது, அதில் அச்சத்துக்கு இடமில்லை.

அடுத்த காட்சி தொப்பூர். அதைச் சொல்லத் தொடங்கியபோது என் நெஞ்சு சற்றுக் கனத்தது. தேசிய நெடுஞ்சாலை 44இல் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவை இங்கே அறியாதவர் இல்லை. டீசல் மிச்சமாகும் என்று கியரை நியூட்ரலில் தள்ளி இறக்கத்தில் வண்டியை விடும் பழக்கமும், பிரேக் சூடேறிப் பிடிப்பை இழப்பதும், இரட்டைப் பாலத்தருகே அது எப்படி முடிகிறது என்பதும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். கட்டுப்பாட்டை இழந்து ஆபத்தான வேகத்தில் பாய்ந்து செல்வதற்கு ஆங்கிலத்தில் ஹர்ட்டில் என்று பெயர். தாண்டி ஓடும் தடையைக் குறிக்கும் ஹர்டில் வேறு, இது வேறு. நடுவில் இருக்கும் ஒரே ஒலிதான் வேறுபாடு. அதே பொருளில் கரியர் என்ற வினையும் உண்டு. வாழ்க்கைத்தொழிலைக் குறிக்கும் அதே சொல்தான், எழுத்தும் அதேதான். வண்டியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாகப் பந்தயப் பாதை என்ற பொருளோடு ஆங்கிலத்துக்கு வந்தது என்றும், பாதை என்ற கருத்து தொழிலாகவும், பந்தய வேகம் என்ற கருத்து தறிகெட்ட ஓட்டமாகவும் பிரிந்தன என்றும் அவர் விளக்கினார். எங்கள் வண்டி ஓடவில்லை, ஹர்ட்டில் ஆனது. நான் அதைக் கடிதத்தில் "கேம் ஃபாஸ்ட்லி" என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் டிரைவர் வேண்டுமென்றே வேகமாக ஓட்டினார் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

வேண்டுமென்றே பறப்பவர்களுக்கும் சொல் இருக்கிறது. டேர் என்பது கிழி என்று பொருள்படும் அதே வினை. கண்ணீரைக் குறிக்கும் டியர் எழுத்தில் அதைப்போலவே இருந்தாலும் ஒலியில் வேறு. காற்றைக் கிழித்துக்கொண்டு போனான் என்று நாமும் சொல்கிறோம் அல்லவா என்று அவர் கேட்டபோது, இரண்டு மொழிகளும் ஒரே இடத்தில் கைகோத்ததைக் கண்டு வகுப்பே மகிழ்ந்தது. ஸூம், விஸ் போன்றவை இன்னும் நெருக்கம். அவை ஒலியிலிருந்து பிறந்த வினைகள். விர்ரென்று போனான், சர்ரென்று போனான் என்று ஒலியோடு "என்று" என்ற சொல்லைச் சேர்த்துத் தமிழ் சொல்வதை, ஆங்கிலம் ஒலியையே வினையாக்கி முடித்துவிடுகிறது. ஸ்பீட் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் வெற்றி, செழிப்பு என்ற பொருளில் இருந்தது என்பதும், பயணம் புறப்படுபவரை வாழ்த்தும் காட்ஸ்பீட் என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்னும் தங்கியிருக்கிறது என்பதும் எனக்குப் புதிய செய்தி.

நம் பேச்சில் ஏற்கெனவே கலந்துவிட்ட சொற்களைப் பற்றிய பகுதியே பயன்பாட்டில் மிக முக்கியமானது என்பது என் கருத்து. பஸ்ஸில் ஒரே ரஷ் என்றால் நமக்குக் கூட்டம். ஆங்கில வினையாக ரஷ் என்பது நேரம் போதாத அவசரம், சில இடங்களில் கவனக்குறைவும் அதில் சேர்ந்துவிடும். ஒருவரை அவசரமாகக் கொண்டு சேர்ப்பதையும் அது குறிக்கும். "அவரைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ரஷ் செய்தார்கள்" என்ற அமைப்பில், விரைவது கொண்டு செல்பவர்கள், நோயாளி அல்ல. டேஷ் என்ற சொல் இன்னும் சிக்கலானது. பைக்கில் டேஷ் ஆகிவிட்டது என்றால் நமக்கு மோதல். காவல் நிலையப் பதிவுகளிலும் விபத்து வழக்குகளின் தீர்ப்புகளிலும் "டேஷ்ட் அகைன்ஸ்ட்" என்று எழுதுவது இந்தியாவில் நிலைத்த வழக்கு என்றும், அதைத் தவறு என்று தள்ள வேண்டாம் என்றும், ஆனால் அகைன்ஸ்ட் இல்லாமல் டேஷ் என்று மட்டும் எழுதினால் குறுகிய தூரத்தைத் திடீரென்று ஓடிக் கடந்தான் என்ற பொருளே வரும் என்றும் அவர் பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். மழை பிடித்ததும் கடை வாசலிலிருந்து பேருந்து நிலையக் கூரைக்கு ஓடுவதே டேஷ். ஹர்ரி என்பதற்குக் கால்களே தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு முடிவை ஹர்ரி செய்யலாம். ஹேஸ்டன் அதன் எழுத்து நடை வடிவம், அதில் நடுவே எழுதும் டகர ஒலியை உச்சரிப்பதில்லை, ஹேஸ்ன் என்றே சொல்ல வேண்டும். நான் பதினான்கு ஆண்டுகளாகத் தவறாக உச்சரித்து வந்திருக்கிறேன்.

சிறு உயிர்களின் ஓட்டத்துக்கு அவர் அரை மணி நேரமே எடுத்துக்கொண்டார், அது போதுமானதாகவும் இருந்தது. ஸ்கரி என்பது எலி குடுகுடுவென்று ஓடுவது, அவசரத்தில் இருக்கும் மனிதருக்கும் பொருந்தும். ஸ்காம்பர் அணிலுக்கும் விளையாடும் குழந்தைகளுக்கும் உரியது, அதில் மகிழ்ச்சி உண்டு. ஸ்கட்டில் நண்டும் கரப்பானும் தரையோடு ஒட்டிச் சரசரவென்று போவது. டார்ட் என்பது பல்லி, மீன், கண்பார்வை ஆகியவற்றின் விருட்டென்ற பாய்ச்சல், எறியும் சிறு ஈட்டியின் பெயரிலிருந்து வந்தது. ஓட்டமும் நடையுமாகப் போவது என்ற நம் தொடருக்குச் சரியான ஒற்றைச் சொல் ஆங்கிலத்தில் இல்லை என்று பென்னாகரத்து அக்காவிடம் அவர் ஒப்புக்கொண்டதும் எனக்குப் பிடித்திருந்தது. அந்த அக்கா ஒவ்வொரு ஞாயிறும் பேருந்து நிலையத்திலிருந்து வகுப்புக்கு அப்படித்தான் வந்து சேர்கிறார்.

குதிரையின் நடை வகைகளைப் பற்றிய பாடம் தேவையா என்று முதலில் ஐயுற்றேன். வாக், ட்ராட், கேன்டர், கேலப் என்று வேகம் படிப்படியாக ஏறும். கேன்டர்பரி என்ற ஆங்கிலேய ஊரின் கோயிலுக்கு யாத்திரை போனவர்கள் குதிரையை அலுங்காமல் ஓட்டிய மிதமான வேகத்தின் பெயரே கேன்டராகச் சுருங்கியது. எங்கள் தொழிலில் கேன்டர் என்றால் நடுத்தர லாரி, தினமும் பத்து முறையாவது சொல்கிறோம். அதற்குள் ஒரு குதிரை ஓடிக்கொண்டிருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

ரன் என்ற சொல்லைக் கடைசிக்கு வைத்திருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் தொகுப்பாளர்கள் அந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் ஓடு என்ற வினையும் சளைத்ததில்லை. மோட்டார் ஓடுகிறது, நாள் ஓடுகிறது, படம் ஓடுகிறது, பாடு ஓடுகிறது என்கிறோம். ஆனால் இரண்டும் எல்லா இடங்களிலும் பொருந்துவதில்லை. ஆங்கிலேயருக்கு மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். கடையை அவர்கள் ஓட்டுகிறார்கள், நாம் நடத்துகிறோம். நெஞ்சு படபடக்கிறது என்று நோயாளி சொல்வதை ரேசிங் என்று எழுதலாம் என்றபோது செவிலியர் இருவரும் உடனே குறித்துக்கொண்டார்கள், ஏனென்றால் அவர்கள் எழுதவிருக்கும் தேர்வில் நோயாளியின் நிலையைக் கடிதமாக எழுத வேண்டும்.

தப்பி ஓடுதலுக்கு வருகிறேன். ஃப்ளீ என்பது ஆபத்தை விட்டு ஓடுவது, இறந்தகாலம் ஃப்ளெட். ஃப்ளை என்பது பறப்பது, இறந்தகாலம் ஃப்ளூ. இரண்டையும் குழப்புவது எழுத்துப் பழக்கமுள்ளவர்களிடமும் உண்டு. ஃப்ளீயில் குற்றம் கட்டாயமில்லை. வெள்ளத்துக்கு அஞ்சி ஊரை விட்டுப் போகும் மக்களும் ஃப்ளெட் ஆனவர்களே. சட்டத்துக்குப் பயந்து மறைவதே அப்ஸ்கான்ட், செய்தித்தாள்களின் தலைமறைவு. ரன் அவே இந்த இரண்டின் பக்கமும் சாயக்கூடியது, விபத்து பற்றிய கடிதத்தில் அது இரண்டாவது பக்கமே சாயும். இடைவேளையில் என் கடிதத்தை அவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "இவர் எதை நோக்கிப் போனார்னு முதல்ல எழுதுங்க சார், எதை விட்டுப் போனார்னு எழுதவே வேண்டாம்" என்றார். "ரஷ்ட் அப்ஹில் டு த ஹைவே பட்ரோல் டு கெட் ஹெல்ப்" என்று ஒரே வாக்கியமாக மாற்றி, நடந்தவற்றை நேர வரிசையில் எழுதி விளக்கம் அனுப்பினோம். மறு விளக்கம் எதுவும் கேட்காமல் கிளெய்ம் தீர்ந்தது. மாற்றிய வாக்கியத்துக்குத் தமிழில் என்ன பொருள் என்று டிரைவர் அண்ணனிடம் படித்துச் சொன்னபோது, அவர் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் அசைத்தார். முந்தைய வாக்கியத்தின் பொருளை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கையேடு வகுப்பின் தரத்துக்கு அருகில்கூட வரவில்லை. ஐம்பத்திரண்டு வினைகளை ஆங்கில அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பொருள் மட்டும் போட்டிருக்கிறார்கள். அந்த நான்கு கேள்விகள் அதில் எங்கேயும் இல்லை. ஒரு ஞாயிறு வரத் தவறியவர் கையேட்டை வைத்து எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. இறந்தகால வடிவங்கள் விடுபட்டிருக்கின்றன. டேர் என்பது டோர் ஆவதையும், ஷூட் என்பது ஷாட் ஆவதையும், ஸ்பீட் என்பது ஸ்பெட் என்றும் ஸ்பீடட் என்றும் இரண்டு விதமாக வருவதையும் நாங்கள் ஓரத்தில் எழுதிக்கொண்டோம். ஹர்ட்டில் இருக்க வேண்டிய ஓரிடத்தில் ஹர்டில் என்றே அச்சாகியிருக்கிறது. ஸ்கார்ப்பர் போன்ற பிரிட்டிஷ் கொச்சைச் சொற்களை எச்சரிக்கை இல்லாமல் மற்றவற்றோடு சேர்த்திருப்பது உண்மையிலேயே ஆபத்தானது, ஏனென்றால் எங்களில் பாதிப் பேர் அலுவலகக் கடிதத்தில்தான் இவற்றைப் பயன்படுத்தப்போகிறோம். உச்சரிப்பைக் கேட்க ஒலிப்பதிவு எதுவும் கொடுக்கவில்லை. ஆறாவது வாரத்தின் கடைசி மணி நேரத்தில் பதினைந்து சொற்களை அடைத்துத் திணித்ததும், எட்டு வாரத்தில் ஒருவருக்கு இரண்டு கடிதங்கள் மட்டுமே திருத்திக் கிடைத்ததும் எனக்கு மனக்குறை. சாலைப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் ஹாரன் சத்தம், மூடினால் புழுக்கம். ஏப்ரல், மே மாதங்களில் அந்த அறையில் மூன்று மணி நேரம் உட்கார்வது எளிதல்ல.

இவ்வளவும் இருந்தும், ஒரே வகைச் சொற்களுக்கு ஒன்பது மணி நேரம் கொடுத்த அந்த முடிவை நான் மதிக்கிறேன். தகடூர் என்று அன்று பெயர் பெற்றிருந்த நம் தருமபுரியை ஆண்ட அதியமானைப் பாடிய ஔவையார், ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒரு தேர்ச் சக்கரத்துக்கு அந்த மன்னனை ஒப்பிட்டார். முப்பது நாளில் ஆங்கிலம் என்று பலகை வைத்திருக்கும் நிலையங்களுக்கு நடுவில், ஒரு சக்கரத்துக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் இதே ஊரில் இருக்கிறார் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பேசத் தொடங்கவே தயங்குபவர்களுக்கு இது முதல் வகுப்பாக இருக்க முடியாது, ஓரளவு வாக்கியம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அலுவலகக் கடிதம், விபத்து அறிக்கை, நோயாளிக் குறிப்பு, வழக்குக் குறிப்பு எழுதுபவர்கள் தயங்காமல் சேரலாம். சேரும்போது நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய கடிதங்களில் இரண்டை எடுத்துச் செல்லுங்கள். இடைவேளையில் காட்டினால் அவர் மறுக்கமாட்டார். கையேட்டை நம்பாமல் ஒரு நோட்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் வருபவர்கள் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டால், பலகைக்கு அருகில் ஜன்னலுக்கு எதிர்ப்புறமாக இருக்கும் முதல் பெஞ்சில் இடம் கிடைக்கும். அங்கே ஹாரன் சத்தம் குறைவு.